கடல் தாண்டாத பணம்

திருமுடிவாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயமல்ல. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகும்போது திண்ணைப் பேச்சைச் சற்று நிறுத்துவோம். இரைச்சல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். அடுத்த வீட்டுப் பெரியவர் மட்டும் தொடரமாட்டார். வானத்தைப் பார்த்தபடியே, "இதிலே போகிறவன் கையிலே எவ்வளவு கொண்டுபோக விடுகிறார்கள், தம்பி?" என்று கேட்பார். விமானம் எந்த ஊருக்குப் போகிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

1964-ஆம் வருஷம், பத்து வயதுப் பையனாக, ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர் அவர். அவருடைய கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது.

பர்மாவுக்குப் பணம் போன கதை நமக்குத் தெரியும். செட்டிநாட்டுத் தனவணிகர்கள் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் நெல் விளைந்த இடமெல்லாம் கடை வைத்தார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் ஆட்கள் போவார்கள். மூன்று வருஷத் தவணை முடிந்ததும் திரும்புவார்கள். 1930-ஐ ஒட்டி நடந்த பர்மா பாங்கு விசாரணையில், அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகக் கணக்கெடுத்தார்கள். அந்தப் பணம் திரும்பி வந்த வழியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. அப்போது அது பேசவேண்டிய விஷயமாகவும் இல்லை. ரங்கூனிலும் ரூபாய், காரைக்குடியிலும் ரூபாய். மொகல் தெருவில் ஒருவன் பணத்தைக் கட்டிவிட்டு உண்டியல் சீட்டு வாங்கி அனுப்பினால், ஊரிலே அந்தச் சீட்டைக் காட்டியவருக்குப் பணம் கிடைத்துவிடும். கடலைத் தாண்டியதெல்லாம் ஒரு துண்டுக் காகிதமும், பேரேட்டில் ஒரு வரியும்தான்.

உண்டியலின் சூட்சுமம் ஒரு தராசுதான். ரங்கூனிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்ப ஒருவன் வேண்டும். ஊரிலிருந்து ரங்கூனுக்குப் பணம் அனுப்ப இன்னொருவன் வேண்டும். முன்னவன் அங்கே கட்டிய பணத்தைப் பின்னவனுடைய ஆள் அங்கேயே வாங்கிக்கொள்வான். பின்னவன் இங்கே கட்டிய பணத்தை முன்னவனுடைய பெண்டாட்டி இங்கேயே வாங்கிக்கொள்வாள். மிச்சம் நிற்கிற வித்தியாசத்தைச் சரக்கிலோ தங்கத்திலோ நேர் செய்துகொள்வார்கள். இரண்டு தட்டிலும் பாரம் இருக்கிறவரைக்கும் இதைப் போல மலிவான, நாணயமான ஏற்பாடு உலகத்தில் கிடையாது. எல்லோரும் ஒரே தட்டில் ஏறினால்?

அது 1964-இல் நடந்தது. அதற்கு முன்னாலேயே இரண்டு அடிகள் விழுந்தன. முதலாவது, 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்து, கடன்பட்ட பர்மியக் குடியானவர்களின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே அவர்களிடம் இருந்தது. 1937-க்குள் 25 பங்காயிற்று. பணமாக இருந்தது மண்ணாகிவிட்டது. மண்ணை உண்டியலில் அனுப்ப முடியாது. சுதந்திர பர்மா 1948-இல் நிலத்தைத் தேசிய மயமாக்கச் சட்டம் செய்தபோது, அந்த மண் அங்கேயே தங்கிவிட்டது. இந்த இடத்தில் நான் பர்மியக் குடியானவன் பக்கமும் கொஞ்சம் சாய்கிறேன். பாட்டன் உழுத நிலத்துக்கு, கடலுக்கு அப்பாலிருந்து வந்தவன் சொந்தக்காரன் என்றால் எவனுக்குத்தான் வயிறு எரியாது?

இரண்டாவது அடி யுத்தம். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலை வழியாகவும் நடந்தே வந்தார்கள். போகாமல் தங்கியவர்கள் ஜப்பானியர் அச்சடித்த நோட்டில் சம்பாதித்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று.

ஆனாலும் ஜனங்கள் திரும்பிப் போனார்கள். இந்தத் தடவை போனவர்களில் பெரிய புள்ளிகள் குறைவு. துறைமுகக் கூலி, அரிசி ஆலைத் தொழிலாளி, தேநீர்க் கடைக்காரர், துணி விற்பவர். பெரியவரின் தகப்பனார் வைத்திருந்தது ஒரு பலசரக்குக் கடை. பர்மாவில் 1952 முதல் ரூபாய்க்குப் பதிலாக 'கியாட்' வந்திருந்தது. காகிதத்தில் ஒரு கியாட்டுக்கு ஒரு ரூபாய்தான் மதிப்பு. ஆனால் இப்போது நடுவிலே ஒரு வேலி முளைத்திருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர். அனுமதி இல்லாமல் ஊருக்குப் பத்து ரூபாய்கூட அனுப்பக்கூடாது. பர்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. யுத்தம் தொடங்கிய 1939-லேயே நம் நாட்டிலும் அந்த வேலியைப் போட்டாகிவிட்டது. 1947-இல் அதைத் தனிச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

1962 மார்ச் 2-ந் தேதி தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963 பிப்ரவரியில் பாங்குகளெல்லாம் சர்க்கார் வசமாகி, 'மக்கள் வங்கி' என்று எண் போட்ட பெயர்கள் பெற்றன. 1964 மார்ச் 19-ந் தேதி ரங்கூனில் கடைகளுக்கு அந்தக் கதி வந்தது. காலையில் முதலாளி, மாலையில் தன் கடைச் சரக்குக்கே ஜாபிதா எழுதிக் கொடுக்கிற குமாஸ்தா. அதற்கும் இரண்டு மாதம் கழித்து, மே 17-ந் தேதி, 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், ஒரு வரம்பு வரைதான் திரும்பக் கிடைக்கும் என்றார்கள்.

பாங்கில் போட்டவனுக்குப் பாங்கு போயிற்று. கடையில் போட்டவனுக்குக் கடை போயிற்று. தலையணைக்குள் தைத்தவனுக்கு நோட்டு போயிற்று. உண்டியலா? எல்லோருக்கும் கியாட்டை விட்டு ரூபாய் வேண்டும். ரூபாயைக் கொடுத்துக் கியாட்டு வாங்கிக்கொள்ள ஒருவன் இல்லை. தராசின் மறுதட்டு காலி. அனுபவஸ்தர்கள் முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றவர்கள் பலசரக்குக் கடைக்காரர்கள்தான். நிலத்தைப் பிடித்தவன் மேல் வந்த கோபம், அரைப்படி உளுந்து நிறுத்தவன் தலையில் விடிந்தது.

மிச்சமிருந்தது நகை. அதற்கும் அளவு வைத்தார்கள். பெரியவரின் தாயார் நாலு வளையலை அரிசி மாவு உருண்டைக்குள் வைத்து, பிள்ளைக்குத் தின்பண்டம் என்று எடுத்து வந்தாராம். "சோதனைக்காரன் ஓர் உருண்டையை எடுத்து உடைத்தான் தம்பி. அதிலே ஒன்றும் இல்லை. அப்புறம் ராத்திரி முழுக்க அம்மா அழுதாள். மாட்டிக்கொள்ளாததற்கு எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை." சட்டப்படி அந்த அம்மாள் கள்ளக் கடத்தல்காரிதான். தன் வளையலையே திருடியவள் என்று நாம் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்குக் கை வரவில்லை.

அதே 1964 அக்டோபர் 30-ந் தேதி ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. ஆட்களை மூட்டைபோல எண்ணிப் பிரித்ததைப் பற்றி எவ்வளவோ திட்டலாம். ஆனால் அதில் ஒரு ஷரத்து உண்டு: சேமநிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் சொத்தை அவர்கள் கொண்டுபோகலாம், ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக்கூடாது. தேயிலைக் காட்டில் தலைமுறை தலைமுறையாக உழைத்ததற்கு அது பெரிய தொகையல்ல. ஆனாலும் அப்படி ஒரு வரி காகிதத்தில் இருந்தது. ரங்கூன்காரர்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

சென்னையில் வந்து இறங்கியவர்களில் பலருக்குப் பிழைப்புக் கொடுத்தது கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே முளைத்த பர்மா பஜார். இதிலே ஒரு வேடிக்கை. வெளிநாட்டுக்குப் போகும் இந்தியன் சட்டைப்பையில் 8 டாலருக்கு மேல் கொண்டுபோக முடியாதென்று நம் சர்க்கார் இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் சென்ட்டும் வேண்டுமென்றால் சென்னைவாசி பர்மா பஜாருக்குத்தான் போவான். செலாவணிச் சட்டத்தால் எல்லாம் இழந்தவர்கள், இன்னொரு செலாவணிச் சட்டத்தின் சந்தில் கடை விரித்தார்கள்.

நம் வேலி மெல்லத் தாழ்ந்தது. 1973-இல் கடுமையான புதுச் சட்டம் வந்தது. 2000 ஜூனில் அது போய், தண்டனை குறைந்த இன்னொன்று வந்தது. 2004-இல் ஒருவர் வருஷத்துக்கு 25,000 டாலர் வெளியே அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. 2015 முதல் அந்த வரம்பு 2,50,000 டாலர்.

போன மாதம் பெரியவரின் பேரன் கானடாவில் படிக்கக் கிளம்பினான். கல்லூரிக் கட்டணத்தைத் தாத்தாவின் கணக்கிலிருந்து அனுப்ப ஏற்பாடு. 'ஏ-2' படிவத்தை அவன் நீட்ட, பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். பையன் பொறுமை இழந்து, "கையெழுத்துப் போட்டால் போதும் தாத்தா, நாளைக்கே போய்விடும்" என்றான்.

"முழுத் தொகையுமா?" என்றார்.

"முழுத் தொகையும்தான்."

அவர் எழுந்து உள்ளே போய், ஒரு பிஸ்கட் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதற்குள்ளே பர்மிய எழுத்தில் அச்சடித்த ஒரு பாங்கு பாஸ் புத்தகம், அவருடைய தகப்பனாருடையது. கடைசிப் பக்கத்தில் ஒரு மீதித் தொகை, மை மங்கிப்போய் இருந்தது. அதை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடி வைத்தார். பிறகு படிவத்தைத் தொடையின் மேல் வைத்து, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.