ஆரணி ஜாகீர்தார் கட்டிய காட்டு மாளிகை

தெள்ளார் வட்டாரத்து வரலாறு என்றால் தெள்ளாறெறிந்த நந்திவர்மனில் தொடங்குவது வழக்கம். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியனை இங்கே வென்ற அந்தப் பல்லவனுக்கு நந்திக்கலம்பகம் இருக்கிறது. பிற்காலத்தில் குடிவந்து வேரூன்றியவர்களுக்கு அப்படி ஒரு நூல் வாய்க்கவில்லை. அவர்களில் ஆரணி ஜாகீர்தார் குடும்பம் முக்கியமானது.

17ஆம் நூற்றாண்டில், பிஜப்பூர் சுல்தானின் தளபதியாக சிவாஜியின் தந்தை ஷாஜி தெற்கே படை நடத்தியபோது அவருடன் இருந்தவர் வேதாஜி பாஸ்கர் பந்த். மராத்தி பேசும் தேசஸ்த பிராமணர். ஊழியத்துக்குப் பரிசாக ஆரணி ஜாகீர், அதாவது வரி வசூலிக்கும் உரிமையுள்ள நிலப்பகுதி, கிடைத்தது. அதன்பின் நவாபு வந்தார், கிழக்கிந்தியக் கும்பினி வந்தது; மேலே ஆள் மாற மாற, இந்தக் குடும்பம் நிலத்தையும் வரிக்கணக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டது. வாளைவிடக் கணக்குதான் அவர்களைக் காப்பாற்றியது என்பேன்.

ஆரணிக் கோட்டை நிம்மதியாகக் குடியிருக்கும் இடமாக இருந்ததில்லை. 1751இல் கிளைவ் இந்தப் பக்கம் போரிட்டார். 1782இல் ஹைதர் அலி தம் படைக்கான சேமிப்பைக் கோட்டையில் வைத்திருந்தார். அதைக் குறிவைத்தே கும்பினித் தளபதி அயர் கூட் வந்தார். ஜாகீர்தார்களின் அரண்மனை அமைந்ததோ அருகிலுள்ள சத்தியவிஜயநகரத்தில். உத்தராதி மடத்து சத்தியவிஜய தீர்த்தரின் பிருந்தாவனம் அங்கேதான். ஊருக்கும் அவர் பெயரே.

இன்று பலரும் தேடிப் போவது பூசிமலைக்குப்பத்துக் காட்டில் இருக்கும் கண்ணாடி மாளிகையை. வண்ணக் கண்ணாடி பதித்து, ஐரோப்பியப் பாணியில் எழும்பிய கட்டடம். வெள்ளைக்கார மனைவிக்காக ஜாகீர்தார் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துரைமார்களை வேட்டைக்கு அழைத்து உபசரிப்பது அன்றைய ஜமீன்களின் ராஜதந்திரம். கலெக்டர் மனம் குளிர்ந்தால் ஜாகீர் பத்திரம். காதலைவிட இந்தக் காரணமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கதைக்கு வருத்தம்தான்!

1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் வரிப்பணம் நின்றது. காட்டு மாளிகைக்குச் சொந்த வருமானம் ஏது? கூரை ஒழுகினால் பூசுவதற்கு ஆளில்லை. கண்ணாடி போயிற்று, மரம் போயிற்று, சுவரில் ஆலும் அரசும் முளைத்தன. ஆரணியின் பட்டுத் தறிகளுக்கு அந்தக் கதி நேரவில்லை. பட்டுக்குச் சந்தை வெளியூரில் இருந்தது; ஜாகீர் போனதால் புடவை கட்டுவதை யாரும் நிறுத்தவில்லை.

மாளிகையைப் பற்றிக் கதை மிகுதி, காகிதம் குறைவு. ஆரணி, தெள்ளார்ப் பக்கத்து வீடுகளில் ஜாகீர் காலத்துப் பட்டா, ரசீது, நிழற்படம் எதுவானாலும் பரணில் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.