எந்த வீடு முதல் வீடு?

பிரான்சில் வீட்டுக்கு இரண்டு வரிகள் உண்டு. சொந்தக்காரர் கட்டுவது ‘தாக்ஸ் ஃபோன்சியேர்’. குடியிருப்பவர் கட்டுவது ‘தாக்ஸ் தபித்தாசியோன்’. முதன்மைக் குடியிருப்புக்கு இந்த இரண்டாவது வரி 2023இல் எல்லோருக்குமே நின்றுவிட்டது. இதில் அரியாங்குப்பத்துக்கு என்ன என்று கேட்கலாம். நம் தெருக்களில் பல வீடுகளுக்கு இது சொந்தக் கவலை.

வரி பழையது. புரட்சிக்குப் பின் 1790களில் பிரான்சில் நான்கு நேரடி வரிகள் வந்தன: நிலம், குடியிருப்பு, தொழில், கதவு-ஜன்னல். ஜனங்கள் இவற்றுக்கு வைத்த பெயர் ‘நான்கு கிழவிகள்’. 1798இல் வந்த கதவு-ஜன்னல் வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் உண்டு. 1926இல்தான் அந்தக் கிழவி போனாள். குடியிருப்பு வரியோ 1974இல் புதுப்பெயர் வாங்கிக்கொண்டு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

விலக்கு முதன்மை வீட்டுக்கு மட்டும். இரண்டாம் வீட்டுக்கு வரி தொடர்கிறது. அதனால் 2023இல் வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதில் யார், எந்த வகையில் குடியிருக்கிறார்கள் என்று வரித்துறைக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று.

நம்மவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்த புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். அந்தக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று அங்கே ஒரு ஃபிளாட், இங்கே ஒரு வீடு.

என் தெருவில் ஒரு சொல்தாவின் மனைவி, எண்பதை நெருங்குபவர், கடிதத்தோடு வந்தார். “தம்பி, இதுல எந்த வீட்ட எழுதறது?”

சட்டம் கேட்பது மனசு எங்கே என்பதை அல்ல, வழக்கமாக வாழ்வது எங்கே என்பதை. வருடத்தில் நான்கு மாதம் இங்கே, மீதி அங்கே. வைத்தியமும் பிள்ளைகளும் அங்கே. ஆகவே அந்த ஃபிளாட்தான் முதன்மை. குடியிருப்பு வரி இல்லை. எழுபத்தைந்து தாண்டி வருமானம் வரம்புக்குள் இருப்பதால் ஃபோன்சியேரும் இல்லை.  கணக்கு மாறியிருந்தால் சின்னப் பென்ஷனில் குடியிருப்பு வரி விழுந்திருக்கும்.

நம் வருமான வரிச் சட்டம் 2019-20 நிதியாண்டிலிருந்து இரண்டு வீடுகளைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்ட விடுகிறது. பிரெஞ்சுச் சட்டத்தில் ஒன்றுதான்.

“அப்ப இந்த வீடு?” என்றார். இதற்கு வரி நம் கொம்யூன் பஞ்சாயத்தில், அங்கே அதைக் கேட்க மாட்டார்கள் என்றேன். கடிதத்தை மடித்துக்கொண்டு போனார்.

இதே நிலையில் உள்ளவர்கள் போகவர இருந்த நாட்களைக் குறித்து வையுங்கள். குடியிருப்பவர் மாறினால் மறுபடியும் அறிவிக்க வேண்டும்.