மரண தண்டனை: தமிழகமும் திருவண்ணாமலையும்

குற்றத்துக்காகவோ பகைக்காகவோ ஓர் அரசு ஒருவரின் உயிரைப் பறிப்பது மரண தண்டனை. தமிழகத்தில் அதன் முறைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன: கழுவேற்றம், யானைக் காலில் இடறச் செய்தல், தலை வெட்டுதல், தோலுரித்தல், பீரங்கி வாயில் கட்டிச் சுடுதல், தூக்கு. ஐரோப்பியர் ஆட்சிக்கு முந்தைய செய்திகளில் பெரும்பகுதி புராணங்களிலிருந்தும் வாய்மொழிக் கதைகளிலிருந்தும் வருவது. விதிவிலக்காக நிற்பது, திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனின் கொலை. கொன்ற சுல்தானோடு உறவு கொண்டிருந்த ஒரு பயணியே அதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

பழைய நூல்கள் தண்டனையை மறுக்கவில்லை. தவறான தண்டனையைத்தான் அஞ்சின. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் கொலையில் கொடியவர்களை அரசன் ஒறுப்பதை உழவனின் களையெடுப்போடு ஒப்பிட்டு முடிகிறது. விசாரிக்காமல் வெட்டப்பட்ட கோவலனுக்காக ஒரு தலைநகரமே எரிவது சிலப்பதிகாரத்தின் மையம். கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையைத் திருவாரூர் இன்றும் கல்தேராக வைத்திருக்கிறது.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் பல்லவ மன்னன் திருநாவுக்கரசருக்கு விதித்த தண்டனைகள் வரிசையாக வருகின்றன: சுண்ணாம்புக் காளவாயான நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் எறிதல். ஆனால் நாவுக்கரசர் 7-ஆம் நூற்றாண்டினர், சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டினர். மதுரையில் 8000 சமணர் கழுவேறினர் என்ற செய்தியிலும் இதே சிக்கல் உண்டு. அது நடந்தது என்போரும், பிற்காலச் சைவ மரபு பெருக்கிச் சொன்னது என்போரும் இருக்கிறார்கள். சமணர் தரப்பில் இதற்கு உறுதியான பதிவு காட்டப்படவில்லை. சில ஊர்த் திருவிழாக்களில் மட்டும் கழுமரம் சடங்குப் பொருளாக இன்னும் நிற்கிறது.

சோழர் கல்வெட்டுகள் வேறொரு படத்தைத் தருகின்றன. வேட்டையில் குறி தவறி மனிதனைக் கொன்றவனை நாட்டார் கூடி விசாரித்து, சாவைத் தவிர்த்து, கோயிலில் விளக்கெரிக்க ஆடுமாடுகளைக் கொடுக்கச் செய்த செய்திகள் பல ஊர்களில் கிடைக்கின்றன. இறந்தவன் பேரால் ஒரு நந்தாவிளக்கு எரியும், கொன்றவன் உயிரோடு இருப்பான். இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற வழக்கில்கூட, இராசராசன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு குற்றவாளிகளின் சொத்துப் பறிமுதலைத்தான் சொல்கிறது. அவர்கள் பிராமணர் என்பதால் கொல்லப்படவில்லை என்று பலர் கருதுகின்றனர். கல்வெட்டின் நோக்கம் நில விற்பனையைப் பதிவது மட்டுமே, அதன் மௌனத்திலிருந்து முடிவு கட்டக்கூடாது என்ற மறுப்பும் வலுவானது.

மூன்றாம் வல்லாளன் கர்நாடகத்துத் துவாரசமுத்திரத்திலிருந்து ஆண்டவன். வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளுக்குப் பின் அவன் தெற்கே நகர்ந்து, 1320-களின் இறுதியில் திருவண்ணாமலையில் நிலைகொண்டான். அவன் காலத்துக் கல்வெட்டுகளில் இந்த ஊர் அருணசமுத்திரம் என்று வருகிறது. அருணாசலேசுவரர் கோயிலின் வல்லாள கோபுரம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. எண்பதைக் கடந்த வயதில், மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் ஆட்களிடமிருந்து கண்ணனூர்க் கொப்பத்தைப் பிடிக்கப் படையெடுத்தான். கொப்பம் என்பது இன்றைய சமயபுரத்துப் பக்கம்.

அதன்பின் நடந்ததை எழுதியவர் மொராக்கோப் பயணி இபின் பதூதா. அவர் மணந்திருந்த பெண்ணின் சகோதரிதான் சுல்தானின் மனைவி. வல்லாளனிடம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படை இருந்ததாகவும், அதில் 20,000 பேர் முஸ்லிம்கள் என்றும், சுல்தானிடம் 6000 பேரே இருந்ததாகவும் அவர் சொல்கிறார். எண்களை அப்படியே ஏற்கத் தயங்குவோர் உண்டு. ஆனால் வல்லாளன் படையில் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்ற செய்தி, இந்தப் போரை இரு மதங்களின் மோதலாக மட்டும் எழுதுவோர் நின்று கவனிக்க வேண்டியது. முற்றுகை மாதக்கணக்கில் நீண்டது. உள்ளே 14 நாளுக்கான தானியமே மிஞ்சியது. கோட்டையை விட்டுப் போனால் உயிர் தப்பலாம் என்று வல்லாளன் சொல்லியனுப்பினான். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்றவர்களுக்கு 14 நாள் போர்நிறுத்தமும் தந்தான்.

அந்தத் தவணைதான் அவன் உயிரைக் குடித்தது. கோட்டையிலிருந்து வந்த கடிதம் மதுரையில் மக்கள் முன் படிக்கப்பட்டது. வீரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரைகளின் கழுத்தில் கட்டினார்கள். சாகத் துணிந்தோம் என்பது அதன் பொருள். நண்பகல் உறக்க நேரத்தில் அவர்கள் வந்து பாய்ந்தபோது போசளர் குதிரைகள் மேய்ச்சலில் இருந்தன. வந்தவர்களைத் திருடர்கள் என்று நினைத்து முகாமிலிருந்தோர் ஒழுங்கின்றி எதிர்கொண்டார்கள். குதிரையேற முயன்ற கிழவரைச் சுல்தானின் சகோதரன் மகன் நாசிருத்தீன் பிடித்தான். யாரென்று தெரியாமல் வெட்டப் போனவனை, இவர்தான் அரசர் என்று கூட இருந்தவன் தடுத்தான். சுல்தான் வெளிக்கு மரியாதை காட்டி, விடுவிப்பதாகச் சொல்லிப் பொருளையும் யானைகளையும் குதிரைகளையும் வாங்கிக்கொண்டான். பிறகு கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டான். அது தொங்குவதைத் தாமே பார்த்ததாக இபின் பதூதா எழுதுகிறார்.

கன்னடக் கல்வெட்டோ, துருக்கருடன் திருச்சிராப்பள்ளிப் பக்கம் நடந்த போரில் மன்னன் மடிந்ததாகவே சொல்கிறது. நாள் 1342 செப்டம்பர் 8 என்று பெரும்பாலோர் கொள்வர். 1343 என்போரும் உண்டு. தோலுரித்த செய்தியைச் சொல்ல மனமின்றிப் போர்க்களச் சாவாகப் பொறித்தார்களா, செய்தியே அப்படித்தான் வந்து சேர்ந்ததா என்பதை இப்போது பிரித்தறிய வழியில்லை.

கொலைமுறைகள் பற்றி அந்தப் பயணிக்கு ஒரு கருத்து இருந்தது. இந்தப் பொருளில் அது அரிய பதிவு. சுல்தானின் முகாமில், பிடிபட்டவர்கள் தங்களுக்கான கூரிய கழிகளைத் தாங்களே சுமந்து வந்ததையும், மறுநாள் காலையில் முகாமின் நான்கு வாயில்களிலும் அவற்றில் ஏற்றப்பட்டதையும் அவர் விவரிக்கிறார். பெண்களும் குழந்தைகளும் அங்கேயே கொல்லப்பட்டனர். வேறெந்த அரசனும் இப்படிச் செய்து கண்டதில்லை, இது இழிசெயல், இதனால்தான் கடவுள் அவன் சாவை விரைவுபடுத்தினார் என்பது அவர் தீர்ப்பு. சுல்தானுடன் உணவருந்திய ஒருநாள், ஓர் ஆணும் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டனர். சுல்தான் கையசைத்தான். இபின் பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன. அந்த முகாம் இருந்த இடத்தை அவர் ஹர்காத்து என்கிறார். அது ஆர்க்காடு என்பது ஒரு கருத்து. அப்படியானால் இவை திருவண்ணாமலைக்கு வெகு தொலைவில் நடந்தவை அல்ல. சுல்தானும் நீண்ட நாள் வாழவில்லை. மதுரையில் பரவிய கொள்ளைநோய்க் காலத்தில் மகனையும் மனைவியையும் தாயையும் அடுத்தடுத்து இழந்து, தானும் இறந்தான்.

திருவண்ணாமலை இந்தச் சாவை வேறு விதமாக நினைவில் வைத்தது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் வல்லாளனைப் பிள்ளையற்றவனாகக் காட்டுகிறது. சோதிக்க வந்த சிவன், அரசி சல்லமாதேவி தொட்டதும் குழந்தையாகி, அவர்களுக்கு மகனானார் என்பது கதை. வரலாற்றில் வல்லாளனுக்கு மகன் இருந்தான். நான்காம் வல்லாளனாகச் சில காலம் ஆண்டும் இருக்கிறான். ஊர் மரபு அதைப் பொருட்படுத்தவில்லை. தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து திரும்பும் அண்ணாமலையாருக்கு மன்னன் இறந்த செய்தி சொல்லப்படுகிறது. அதன்பின் மேளதாளம் இல்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி, மகன் தகப்பனுக்குச் செய்யும் திதியைச் செய்கிறார். கடவுள் ஒரு மனிதனுக்குத் திதி கொடுக்கும் இந்தச் சடங்கில் சுல்தானின் பெயரோ வைக்கோல் அடைத்த தோலோ வருவதில்லை. ஈமக்கடன் மறுக்கப்பட்ட உடலுக்கு ஊர் தேடிய ஈடாக இதைக் காண இடமுண்டு.

நாயக்கர், நவாபு காலத் தண்டனைகள் பற்றி இந்த வட்டாரத்துக்கெனத் தொகுத்த குறிப்புகள் சொற்பம்.

கிழக்கிந்தியக் கும்பினியார் தூக்கை ஊரறியும் காட்சியாக்கினர். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று எழுந்த சிப்பாய்க் கலகம் அடங்கிய அன்றே சுமார் நூறு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். விசாரணைக்குப் பின் 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டனர், 5 பேர் துப்பாக்கியால் சுடப்பட்டனர், 8 பேர் தூக்கிலிடப்பட்டனர். இதற்கு மாறாக, அண்டையிலிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையையே நீக்கியது.

விடுதலைக்குப் பின் தூக்கு சிறைச்சுவருக்குள் போனது. பெண்ணாடத்துப் புலவர் கலியபெருமாள், தூக்குத் தண்டனை பெற்று மீண்ட அனுபவத்தை ‘மக்கள் துணையோடு மரணத்தை வென்றேன்’ என்ற நூலாக எழுதினார். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளுக்கே இத்தண்டனை என வரையறுத்தது. தமிழகத்தில் நிறைவேறிய கடைசித் தூக்காகக் குறிப்பிடப்படுவது, 1995-இல் சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கருக்கு நடந்தது.

இராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரையும் வேலூர்ச் சிறையில் தூக்கிலிட 2011 செப்டம்பர் 9 குறிக்கப்பட்டது. ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் எதிர்ப்புத் தெரிவித்துத் தீக்குளித்து இறந்தார். ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே நாளில் சட்டமன்றமும் தண்டனையைக் குறைக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. கருணை மனுவில் நேர்ந்த நெடுந்தாமதத்தைக் காட்டி 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2022-இல் மூவரும் விடுதலையாயினர்.

சட்ட ஆணையம் 2015-இல், பயங்கரவாத வழக்குகள் நீங்கலாக இத்தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. தூக்குக்கு மாற்றாக வலி குறைந்த முறை கேட்டு 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் தூக்கையே முறையாக வைத்துள்ளது.