பூட்டு வாங்கியே தீர்ந்த சம்பளம்

(தலைப்பு: ஒரு நாட்டைப் பெரிதும் உயர்த்துவது படைபலமா? தொழில்பலமா? 'தொழில்பலமே' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பீரங்கி மாதிரி முழங்கிவிட்டு, இப்போது சமாதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் சொன்னார்: "அமெரிக்காவைப் பாருங்கய்யா! படைக்குக் கொட்டிக் கொடுத்தான், பணக்காரன் ஆனான்" என்று. நல்லது, அமெரிக்காவையே பார்ப்போம். அந்த ஊர்க்காரர் ஒருவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன்.

அவர் பெயர் சீமோர் மெல்மன். 1917-இல் நியூயார்க்கில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொழிற்பொறியியல் பேராசிரியராக அரை நூற்றாண்டுக்கு மேல் பாடம் சொன்னவர். 2004-இல் காலமானார். அவர் விட்டுப்போன கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் அதே பல்கலைக்கழக நூலகத்தில் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கப்படுகின்றன. பெட்டிக்குள்ளே தங்கமா இருக்கு? இல்லை. ஒரு கேள்வி இருக்கு. படைக்குச் செலவழித்த இந்தப் பணத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வி. நம்ம வீட்டு அம்மாக்கள் மாசக் கடைசியில் கேட்கிற அதே கேள்விதான்!

நடுவர் அவர்களே, வீட்டுக்குப் பூட்டு வேண்டும். நான் மறுக்கவில்லை. ஆனா ஒருத்தர் சம்பளம் பூராவையும் பூட்டாகவே வாங்கிட்டு வந்தா, உள்ளே வைத்துப் பூட்ட என்ன இருக்கும்? மெல்மன் சொன்னது இதைத்தான். டிராக்டர் செய்தால் அது வயலை உழும். தையல் எந்திரம் செய்தால் அது துணி தைக்கும். டாங்கி செய்தால்? அது எதையும் விளைவிக்காது. நிறுத்தி வைத்திருந்தாலும் அதற்குக் காவல், பழுது, எண்ணெய் என்று செலவுதான். 1974-இல் 'நிரந்தரப் போர்ப் பொருளாதாரம்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார்.

இன்னொன்றும் சொன்னார். படைக்கு வேலை செய்யும் கம்பெனிக்குச் சிக்கனம் மறந்துபோகும். ஏன்? ஆன செலவு போக அதுக்கு மேலே லாபம் என்று ஒப்பந்தம். போன தடவை ஆன செலவுதான் அடுத்த தடவை விலைக்கு அடிப்படை. கொத்தனாரிடம், "நீங்க எவ்வளவு செலவு பண்ணாலும் கொடுத்துடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சுவர் எழும்பும், கூடவே உங்கள் கடனும் எழும்பும்! (சிரிப்பு)

நண்பர் கேட்கலாம்: "சரி ஐயா, ஆயுதம் வேண்டாமென்றால் அதே தொழிற்சாலையில் வேறு ஏதாவது செய்யலாமே?" அங்கேதான் சரித்திரம் பாடம் சொல்கிறது.

1942 பிப்ரவரியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்குக் கார் செய்வதை நிறுத்தின. ஃபோர்டு கம்பெனி வில்லோ ரன் என்ற இடத்தில் குண்டுவீச்சு விமானம் செய்தது. உச்சத்தில் மணிக்கு ஒன்று! 1945-இல் போர் முடிந்தது. படையில் இருந்த சுமார் 1 கோடியே 20 லட்சம் பேரில் பெரும்பாலோர் இரண்டே ஆண்டில் வீடு திரும்பினார்கள். பொருளாதாரம் இடிந்து விழவில்லை. கார்க் கம்பெனி மறுபடியும் கார் செய்தது.

ஆனால் 1970-களில் என்ன நடந்தது? வியட்நாம் போர் ஓய்ந்து ஹெலிகாப்டருக்குக் கிராக்கி குறைந்ததும், போயிங் வெர்டால் கம்பெனி பாஸ்டனுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் டிராம் வண்டி செய்தது. கதவு மக்கர் பண்ணியது, வளைவில் தடம் புரண்டது. பாஸ்டன் நகரம் ஒரு பகுதி வண்டிகளை வேண்டாமென்றே மறுத்துவிட்டது. ஹெலிகாப்டர் செய்தவனுக்கு டிராம் செய்யத் தெரியாதா? மெல்மன் விளக்கினார். 1945-இல் தொழிற்சாலைகள் திரும்பிப் போனது பிறந்த வீட்டுக்கு. பின்னால் வந்த பல கம்பெனிகள் பிறந்ததே பாசறையில்! அவர்களுக்குத் திரும்ப வீடு ஏது?

அதனால் அவர் வழியும் சொன்னார். ஒவ்வொரு ஆயுதத் தொழிற்சாலையிலும் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்து ஒரு குழு அமைக்க வேண்டும். ஆர்டர் நிற்பதற்கு முன்பே, அடுத்து என்ன செய்வது என்று திட்டம் போட வேண்டும். பொறியாளருக்கு மறுபயிற்சி, இடைக்காலத்தில் தொழிலாளி வீட்டில் அடுப்பெரிய உதவி. 1963-இல் செனட்டர் மெக்கவர்ன் இதற்காக மசோதா கொண்டுவந்தார். பிறகு டெட் வைஸ் என்ற உறுப்பினர் பலமுறை முயன்றார். அந்தச் சட்டம் நிறைவேறவே இல்லை.

1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. பகை தீர்ந்தது என்று ஊரே மகிழ்ந்தபோது, கலிபோர்னியாவில் விமானத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். "சமாதானம் வந்தால் என் பிள்ளைக்குச் சோறு போயிடும்" என்று ஒரு தகப்பன் பயப்படும்படி வைத்திருப்பது பலமா, நடுவர் அவர்களே? அது அந்த நாட்டின் பலவீனம் அல்லவா?

"இணையமே படைச் செலவில் பிறந்ததுதானே?" என்றார் நண்பர். உண்மை. அதற்கு வித்திட்ட அர்ப்பாநெட் 1969-இல் பாதுகாப்புத் துறைப் பணத்தில்தான் தொடங்கியது. ஆனால் மூளைக்குச் சம்பளம் எந்தத் துறை கொடுத்தாலும் அது வேலை செய்யும்! ஜப்பானில் தடனாவோ மிக்கி என்ற பொறியாளர், போர்க்காலத்தில் கடற்படைக்கு விமானம் வடிவமைத்தார். போய்த் திரும்பாத தற்கொலை விமானமும் அதில் ஒன்று. தோல்விக்குப் பின் ரயில்வே ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். காற்றைக் கிழிக்கும் அதே கணக்கு, ரயிலுக்கு மூக்கு வைத்தது. 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஷின்கான்சென் ஓடியது. அதே மூளைதான். முதலில் பிள்ளைகளைச் சாக அனுப்பியது, பிறகு பயணிகளைப் பத்திரமாக வீடு சேர்த்தது!

2002-இல் நியூயார்க் நகரம் புதிய சுரங்க ரயில் பெட்டிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. வாங்கியவர்கள் யார்? ஜப்பானின் கவாசாகி, பிரான்சின் அல்ஸ்டோம். ஓர் அமெரிக்கக் கம்பெனிகூடப் போட்டிக்கு வரவில்லையே என்று எண்பது வயது தாண்டிய மெல்மன் வேதனையோடு எழுதினார். அவர் பிறந்த ஊர் ரயில் அது.

2024-இல் உலகப் படைச் செலவு சுமார் 2 லட்சத்து 71 ஆயிரம் கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம். அந்தப் பெட்டிகளில் உள்ள கேள்விக்கு இன்னும் வயசாகவில்லை.

பயிரைக் காக்கத்தான் வேலி. வேலி போடவே விதைநெல்லை விற்றவன், அறுவடைக்குப் போய் எதை அறுப்பான்? எனவே நாட்டை உயர்த்துவது தொழில்பலமே, தொழில்பலமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.