மார்புக்கு வந்து சேராத சட்டை

1861 பிப்ரவரி 9. இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் பெரும்புயல். கரையோரம் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைய, மீட்புப் படகுக்காரர்கள் ஐந்து முறை அலைக்குள் போய் ஆட்களைக் கரைசேர்த்தார்கள். ஆறாம் முறை படகு கவிழ்ந்தது. பதின்மூவரில் பன்னிருவர் மாண்டனர். பிழைத்த ஹென்றி ஃப்ரீமனுக்கு மீட்புப் பணியில் அதுதான் முதல் நாள். 1854-இல் கேப்டன் வார்ட் வடிவமைத்த புதுவகைத் தக்கைச் சட்டையை அணிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

இன்று லைஃப் ஜாக்கெட் என்று நாம் சொல்லும் பொருளின் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் அது. வார்டின் சட்டை என்பது கித்தான் துணிமேல் குறுகலான தக்கைத் துண்டுகளை வரிசையாகத் தைத்தது, அவ்வளவே. அணிந்தபடியே துடுப்புப் போட வேண்டும் என்பதில் அவர் கவனமாக இருந்தார். வேலைக்கு இடைஞ்சலான உடையை எவரும் கழற்றி வைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தக்கைக்கும் ஆயுள் உண்டு. 1904 ஜூன் 15 அன்று ஜெனரல் ஸ்லோக்கம் என்ற நீராவிக் கப்பல், தேவாலயச் சுற்றுலாவுக்குக் கிளம்பிய தாய்மார்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் போனது. வழியில் தீப்பிடித்தது. சட்டைகள் இருந்தன. ஆனால் வாங்கிப் பல ஆண்டுகளாகியும் யாரும் எடுத்துப் பார்க்காதவை. துணி இற்று, உள்ளே தக்கை தூளாகியிருந்தது. பிள்ளைகளுக்கு அதை மாட்டி, இனிப் பிழைத்துக்கொள்வார்கள் என்று நம்பித் தண்ணீரில் இறக்கிய தாய்மார்கள், கண்ணெதிரே அவர்கள் மூழ்கியதைப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காப்பதாகச் சொல்லி வைத்திருக்கும் பொருளைச் சோதிக்காமல் விடுவது எனக்குக் கொலைக்குச் சமமாகவே படுகிறது.

அதே 1904-இல் பிரிட்டனின் மீட்புப் படகுச் சங்கம் தக்கையை விட்டு இலவம் பஞ்சுக்கு மாறியது. போடிநாயக்கனூர் பக்கம் மெத்தைக்கும் தலையணைக்கும் அடைக்கிறார்களே, அதே பஞ்சுதான். அதன் இழை உள்ளீடற்றது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. உலகச் சந்தைக்கு அது பெருமளவு ஜாவாவிலிருந்து வந்தது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து நின்றது. அமெரிக்கா பள்ளிப் பிள்ளைகளை வயல்வெளிக்கு அனுப்பி, அங்கே களையாக வளர்ந்த ஒருவகைப் பால்செடியின் காய்களைப் பறிக்கச் சொன்னது. காய்க்குள் இருந்த பட்டுப்பஞ்சில் இரண்டு மூட்டைக் காய்க்கு ஒரு சட்டை நிரம்பியது.

மிதந்தால் மட்டும் போதாது. நினைவிழந்தவரின் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். அதைக் கண்டறிய பிரிட்டிஷ் மருத்துவர் எட்கர் பாஸ்க் தனக்கே மயக்க மருந்து கொடுக்கச் செய்து, சட்டையோடு நீச்சல் குளத்தில் தன்னைப் போடச் சொன்னார். மயங்கிய உடலை எந்த வடிவம் மல்லாத்துகிறது, எது குப்புறக் கவிழ்க்கிறது என்று சகாக்கள் பார்த்துக் குறித்தார்கள். இன்றைய சட்டையின் காலர் பருமனுக்குப் பின்னால் இப்படிப்பட்ட மனிதர்களின் துணிவு இருக்கிறது.

பிறகு நுரைப் பொருள் வந்தது. பஞ்சைப் போல நாளடைவில் நீரில் ஊறாது, தக்கையைப் போல உதிராது, எடையும் குறைவு. வளர்ந்த ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு மேல் நிறுத்த மூன்று முதல் ஐந்து கிலோ அளவுக்குத் தூக்குவிசை இருந்தால் போதும். அதைச் சில நூறு ரூபாய்ச் சட்டையே கொடுத்துவிடும்.

இவ்வளவு தூரம் வந்த பொருள் இருக்கைக்கு அடியிலிருந்து மார்புக்கு வருவதில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் பொழுதுபோக்குப் படகுகளில் இறந்தவர்கள் 636 பேர். காரணம் தெரிந்த சாவுகளில் முக்கால் பங்கு மூழ்கியது. மூழ்கியவர்களில் நூற்றுக்கு 85 பேர் சட்டை அணியாதவர்கள். 2023 மே 7 மாலை கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனபோதும் பெரும்பாலோர் அணிந்திருக்கவில்லை. வேர்க்கிறது, முந்தைய ஆளின் வியர்வை நாறுகிறது, போட்டோவில் புடவை மறைகிறது என்கிறோம். நாற்றத்துக்குப் பொறுப்பு படகுத்துறை நடத்துபவர்களுடையது: துவைத்து, நிழலில் உலர்த்தி வைத்தால் எத்தனையோ பேர் முகம் சுளிக்காமல் அணிவார்கள்.

கவிழ்ந்தபின் மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். தண்ணீரில் சட்டை கையை விட்டு நழுவும், பதறும் விரல்கள் கொக்கியைப் போடாது. கரையிலேயே வாரை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. குழந்தைக்குப் பெரியவர் சட்டையைக் கட்டிவிடுவது ஆபத்து. நீரில் உடல் கீழே வழுகிவிடும். கால்களுக்கிடையே கட்டும் வாருள்ள சிறுவர் சட்டையைக் கேளுங்கள். அது இல்லையென்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள், அன்று குழந்தை அழுதாலும்.