911 கரேராவைக் கொடுத்து ஜிடி3 வாங்கலாமா? கணக்கு இதுதான்

போர்ஷே 911 கரேரா தினமும் ஓட்ட வசதியான ஸ்போர்ட்ஸ் கார். 911 ஜிடி3 ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்தது. காளஹஸ்தி, திருப்பதி பக்கம் இருக்கும் ஒருவர் முதலாவதை விற்று இரண்டாவதை வாங்கினால் என்ன மாறும்?

இன்ஜினில் என்ன வித்தியாசம்?
2019 கரேராவில் 3 லிட்டர் டர்போ இன்ஜின், 385 பிஎஸ். 2021 ஜிடி3-ல் டர்போ இல்லாத 4 லிட்டர், 510 பிஎஸ். ஆனா இழுவிசையைப் பாருங்க: கரேரா தன் முழு 450 நியூட்டன் மீட்டரை 1,950 ஆர்பிஎம்-லேயே கொடுத்துடும். ஜிடி3-ன் 470 கிடைக்க, 6,100 வரை முடுக்கணும்.

நெடுஞ்சாலையில்?
நான்கு வழிச் சாலையில் சட்டப்படி உச்சவேகம் 100 கி.மீ. அங்கே ஜிடி3-ன் பலம் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். விறைப்பான சஸ்பென்ஷன், தாழ்வான முன்பக்கம் இரண்டையும் ஒவ்வொரு வேகத்தடையும் ஞாபகப்படுத்தும். பின் சீட்டும் கிடையாது.

டிராக்கில்?
கதை தலைகீழ். தமிழக எல்லைக்குள், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் டிராக்கின் நீளம் 3.717 கி.மீ. 9,000 ஆர்பிஎம் வரை போகும் இன்ஜினுக்கு அதுதான் சரியான இடம்.

இன்ஷூரன்ஸ்?
கவனிக்க வேண்டியது இதைத்தான். வழக்கமான மோட்டார் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளுக்குக் காப்பீடு இல்லை. டிராக்கில் இடித்தால் செலவு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

ஆக, முடிவு செய்யும் முன் ஒரே கேள்வி: வருஷத்துக்கு எத்தனை நாள் டிராக்குக்குப் போவீங்க? விரல் விட்டு எண்ணும் அளவுதான் என்றால், கரேராவே லாபம்.