கரும்புத் தோட்டமும் ஒரு கையெழுத்தும்



வாக்காளர் பதிவுப் படிவம் வீடு வீடாக வரும்போது "இதை நிரப்பி என்ன வரப்போகுது?" என்று கேட்பவர்கள் நம் சோனகதெருவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சீனித் தீவின் வரலாறு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மொரிசியஸ் தீவு நம் யாழ். மாவட்டத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்குதான். ஆங்கிலேயர் ஆட்சியில் தீவு முழுக்கக் கரும்பு. வெட்டியவர்கள் ஆபிரிக்க அடிமைகள். 1835இல் அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது முதலாளிமாருக்கு 20 இலட்சம் பவுணுக்கு மேல் நட்டஈடு கிடைத்தது. அடிமையாக இருந்தவனுக்கு ஒரு சதமும் இல்லை.

அடிமைகள் போனால் கரும்பை யார் வெட்டுவது? 1834 நவம்பர் 2ஆம் திகதி 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 கூலிகளை இறக்கியது. பிறகு சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. தமிழர், தெலுங்கர், பீகாரிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை போனவர்கள் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர். அவர்கள் கரையேறிய போர்ட் லூயிஸ் துறைமுகக் கட்டடத்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

ஒப்பந்தம் ஐந்து வருடம். மாதம் ஐந்து ரூபாய் சம்பளம். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் வெட்டு. ஒப்பந்தம் முடிந்தவனும் சுதந்திரமாக நடமாட முடியாது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி படம் ஒட்டிய அடையாளச் சீட்டு கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து அடைப்பார்கள். 1871இல் இந்தக் கொடுமைகளை எழுதி 9,401 பேர் ஆளுநருக்கு மனுக் கொடுத்தார்கள். அதற்கு முன்னின்று உதவியவர் அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரர். அதற்காக மற்றத் தோட்ட முதலாளிமார் அவரைத் தாக்கினார்கள். ஆனாலும் அரச ஆணைக்குழு வந்தது, 1875இல் வெளியான அதன் அறிக்கை தோட்டங்களில் நடந்த கொடுமைகளை உறுதிப்படுத்தியது.

போராட்டம் அத்தோடு முடியவில்லை. 1943 செப்டெம்பர் 27ஆம் திகதி பெல் வூ ஆரேல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸ் சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி அஞ்சலை, வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள். இன்று அங்கே ஒரு விளையாட்டரங்கு அவள் பெயரில் நிற்கிறது.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

அதுவரை அங்கே சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான் வாக்கு. 1947இல் வந்த புதிய அரசியலமைப்பு, தீவில் வழங்கும் ஏதாவது ஒரு மொழியில் தன் பெயரை எழுதத் தெரிந்த வயதுவந்த எவருக்கும் வாக்குரிமை என்றது. உடனே பாஸ்தேவ் பிசுன்டோயல் என்பவரின் இயக்கத் தொண்டர்கள் ஊர் ஊராகப் பாடம் நடத்தி, கரும்பு வெட்டிய கைகளுக்குப் பெயர் எழுதப் பழக்கினார்கள். சுமார் 12,000 ஆக இருந்த வாக்காளர் தொகை 70,000ஐத் தாண்டியது. 1948 ஓகஸ்ட் தேர்தலில் தெரிவான 19 பேரில் பெரும்பான்மையினர் இந்திய வம்சாவளியினர். 1968இல் சுதந்திரம் கிடைத்தபோது பிரதமரான ராம்கூலம், ஒரு தோட்டக் கூலியின் மகன்.

அதே 1948இல் நம் நாட்டில் என்ன நடந்தது? அதே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, கால்நடையாக மலைக்குப் போய்க் கோப்பியும் தேயிலையும் நட்டவர்களின் பிள்ளைகள் ஏற்கெனவே வாக்காளர்கள். 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தது மட்டும் போதாது, முன்னைய தலைமுறையும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது. எஞ்சியவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே ஊர்ச் சனம், ஒரே வெள்ளைக்காரன். ஏறிய கப்பல்தான் வேறு. ஓரிடத்தில் சட்டம் பெயரை எழுதச் சொன்னது, இன்னோரிடத்தில் பெயரை வெட்டியது.

மொரிசியஸில் எல்லாம் நல்லபடி என்று சொல்ல வரவில்லை. அங்குள்ள தமிழர் வீடுகளில் இன்று பேச்சுமொழி பெரும்பாலும் கிரியோல். ஆனால் அந்நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. 

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமக்கு, பெயர் புத்தளத்துப் பட்டியலிலா யாழ்ப்பாணத்துப் பட்டியலிலா என்ற கேள்வியின் பாரம் தெரியும். காணி, வீட்டுத்திட்டம், பிள்ளையின் பள்ளி அனுமதி எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி குறுக்கே வந்து நின்றது.

ஆகவே கிராம சேவையாளர் அடுத்தமுறை படிவம் கொண்டுவரும்போது வீட்டிலுள்ள 18 வயதுப் பிள்ளையின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியிருக்கும் உறவுகளுக்கும் இதைச் சொல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாத பெரியவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், ஒரு பேனையோடு போய் உட்காருங்கள்.